விருந்தினரின் வசையும் தொழிலாளியின் புன்னகையும்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆலை, சுரங்கம், வயல், துறைமுகம் என உழைப்பாளர் நிற்கும் களங்கள் பற்றி இவ்வகுப்புகளில் பலகால் பேசப்பட்டிருக்கிறது. இன்றைய பேச்சு, உழைப்பாளர் நிற்பதையே பார்ப்போர் மறந்துவிடும் ஒரு களத்தைப் பற்றியது. அது கேளிக்கைப் பூங்கா. இராட்டினம் சுழல்கிறது, இசை ஒலிக்கிறது, பொம்மைகள் கையசைக்கின்றன. அந்தப் பொம்மைகளுக்குள் மனிதர் இருக்கின்றனர் என்பதும், அவர்களுக்குக் கழுத்தும் முதுகும் மானமும் உண்டு என்பதும் அங்கே வருவோரில் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டு பூங்காவிலிருந்து மூன்று புகார்கள் வெளிவந்தன. மிக்கி எலி வேடமணிந்திருந்த பெண்ணின் தலையில் ஒரு மூதாட்டி விளையாட்டாகப் பலமுறை தட்டினார். கனத்த தலைக்கூடு அழுத்தியதால் அந்தப் பெண் கழுத்துக் காயத்துடன் மருத்துவமனைக்குச் சென்றார். மின்னி வேடமணிந்த பெண்ணையும், டொனால்டு வாத்து வேடமணிந்த பெண்ணையும் படமெடுக்க வந்தவர்கள் தகாத முறையில் தொட்டனர். முழுமுகக் கூடு அணிந்தவர் வாய்திறத்தல் கூடாது என்பது அத்தொழிலின் விதி. வலித்தாலும் அருவருத்தாலும் வெளியே தெரிவது, துணியிலும் பசையிலும் செய்த அந்த மாறாப் புன்னகை ஒன்றே.

இஃது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையன்று. ஜப்பானில் டோக்கியோ டிஸ்னி பூங்காவை நடத்தும் நிறுவனத்தின்மீது 2018 ஜூலையில் வேடமணியும் பெண் தொழிலாளர் இருவர் சிபா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஒருவரின் விரலை 2013-இல் பூங்காவுக்கு வந்த ஒருவர் முறுக்கிக் காயப்படுத்தியிருந்தார். அதற்குத் தொழிற்காயம் என்ற முறையில் இழப்பீடு கோர முனைந்தபோது, அவ்வளவேனும் பொறுத்துக்கொள்ள வேண்டாவா, மனத்திடம் போதாது என மேலாளர் கடிந்ததாக அவர் முறையிட்டார். அடித்தவர் வெளியாள், பொறுத்துக்கொள் என்றவர் உள்ளாள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இத்தொழிலாளரின் குமுறல் விளங்காது.

'விருந்தினர்' என்ற சொல்

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டு, இத்தொழிலுக்கு ஒரு சொற்களஞ்சியத்தையே வகுத்தளித்தது. அங்கே வாடிக்கையாளர் என ஒருவர் இல்லை, வருபவர் 'விருந்தினர்'. தொழிலாளி என ஒருவர் இல்லை. இருப்பவர் 'நடிப்புக் குழுவினர்'. சீருடைக்குப் பெயர் 'வேடம்'. பணியிடம் 'மேடை'. ஓய்வறையும் உணவறையும் 'திரைமறைவு'. வழிகாட்டும்போது ஒற்றை விரலை நீட்டுதல் மரியாதைக் குறைவாகலாம் என்பதால், இருவிரல் சேர்த்தோ முழுக்கையாலோ காட்டவேண்டும் எனப் பயிற்சி தரப்படுகிறது. இன்று உலகின் பல நாடுகளில் விடுதிகளும் அங்காடிகளும் இச்சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டுள்ளன.

சொல்லின் பின்னே இருக்கும் பொருளைக் காணவேண்டும். தமிழில் விருந்து என்பதன் பழம்பொருள் புதுமை. முன்பின் அறியாது வாயிலில் வந்து நின்ற புதியவரே விருந்தினர். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறள், ஓம்புவோரின் முகம் திரிதல் ஆகாது என்று அறிவுறுத்துகிறது. ஆனால் அவ்வறத்தில் விருந்தினர் விலை கொடுப்பதில்லை. விலை கொடாததால் கட்டளையிடும் உரிமையும் அவருக்கில்லை. ஓம்புபவர் வீட்டுக்குரியவர். இருபுறமும் கடப்பாடு உண்டு.

பெருநிறுவனம் செய்தது யாது? விருந்தினருக்குரிய மரியாதையையும் விலை கொடுத்தவரின் அதிகாரத்தையும் ஒன்றாக முடிச்சிட்டு, வருபவரின் கையில் கொடுத்தது. வீட்டுக்குரியவரின் கடமையை மட்டும் பிரித்தெடுத்து, அவ்வீட்டில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லாத தொழிலாளியின் தலையில் வைத்தது. உண்மையான வீட்டுக்காரர், அதாவது முதலாளி, வாயிலில் நிற்பதில்லை. ஆகவே வசை எப்போதும் கூலியாளுக்கே வந்து சேர்கிறது.

2021 பிப்ரவரியில் புளோரிடாவின் டிஸ்னி வணிக வளாகத்தில் நடந்தது இதற்குச் சான்று. பெருந்தொற்றுக் காலத்தில் உடல்வெப்பம் அளக்க மறுத்த ஒருவரை வெளியேறுமாறு ஊழியர் கேட்டனர். தாம் 15,000 டாலர் செலவிட்டு வந்திருப்பதால் தம்மை வெளியேற்ற இயலாது என அவர் வாதாடினார். காவலர் வந்து கைது செய்ய நேர்ந்தது. பணம் கொடுத்தேன், ஆகவே என்மீது விதி செல்லாது: சந்தை கற்பித்த பாடத்தை அம்மனிதர் பிழையறக் கற்றிருந்தார்.

சினம் எங்கே விளைகிறது?

தோழர்களே, வருபவர்கள் இயல்பிலேயே தீயோர் என்று முடிவுகட்டுதல் எளிது. அது மார்க்சியர் செய்யும் ஆய்வன்று. சினம் விளையும் நிலத்தைத் தோண்டிப் பார்க்கவேண்டும்.

1955-இல் டிஸ்னிலேண்டின் நுழைவுக் கட்டணம் 1 டாலர், ஊர்திகளுக்குத் தனிச்சீட்டு. 2024 அக்டோபரில், கூட்டம் மிகும் நாள்களுக்கான ஒருநாள் சீட்டு 200 டாலரைத் தாண்டியது. 1999-இல் வரிசையில் காத்திராமல் முன்பதிவு செய்யும் முறை கட்டணமின்றித் தொடங்கப்பட்டது. 2021-இல் அது நீக்கப்பட்டு, விரைவு வரிசைக்குத் தனிக் கட்டணம் வந்தது. 2024-இல் ஒரே நாளுக்குப் பலநூறு டாலர் விலையுள்ள மேல்நிலைச் சீட்டும் வந்துவிட்டது. வரிசை என்பது எளிய மக்களிடையே நிலவும் பழைய சமத்துவம்: முன்வந்தவர் முன்செல்வர். அச்சமத்துவமே விற்பனைக்கு வந்துவிட்டது.

இனி அவ்வாயிலில் நிற்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சேமித்து, கடன் அட்டையைத் தேய்த்து, குழந்தைகளோடு வந்த ஓர் ஓட்டுநரோ செவிலியரோ, கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நிற்கிறார். அவர் கண்முன்னே விலை கொடுத்தோர் கடந்து செல்கின்றனர். பிள்ளை அழுகிறது. ஊர்தி பழுதென்று அறிவிப்பு வருகிறது. அவரது சினம் விலை நிர்ணயித்த இயக்குநர் குழுவைச் சென்றடைய வழியில்லை. மூன்றடி தொலைவில் பெயர்ப்பட்டையுடன் நிற்கும் இளைஞரையே சென்றடைகிறது. ஒரு தொழிலாளியின் சினம் மற்றொரு தொழிலாளியின்மீது கொட்டப்படுகிறது. இருவரையும் சுரண்டுபவர் அவ்விடத்தில் இல்லை.

2022 டிசம்பரில் இந்நிறுவனம் பூங்காவுக்கு வருவோர் பிறரை மரியாதையுடன் நடத்துமாறு தன் அறிவிப்புகளில் சேர்த்தது. வேண்டுகோள் நல்லதே. ஆயினும் சினத்தை விளைவிக்கும் ஏற்பாட்டை ஒருபுறம் பெருக்கிக்கொண்டே மறுபுறம் பண்பாடு போதித்தல், அடுப்பை எரியவிட்டுக் கொதிக்காதே என்று உலையிடம் சொல்வதை ஒக்கும்.

புன்னகையும் உழைப்பே

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-இல் வெளியிட்ட நூலில், டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். கையின் உழைப்பைப் போலவே முகத்தின் உழைப்பும் விலைக்கு வாங்கப்படுகிறது. சினத்தை விழுங்குதல், வராத மகிழ்ச்சியை வரவழைத்தல் ஆகியவையும் வேலை நேரத்தில் செய்யும் வேலைகளே. ஆலைத் தொழிலாளி தன் கைப்பொருளிலிருந்து அந்நியமாகிறார் என்றார் மார்க்ஸ். இங்கே தொழிலாளி தன் முகத்திலிருந்தே அந்நியமாகிறார். வசை கேட்ட மறுநொடியில் அடுத்தவருக்குச் சிரிக்கவேண்டியவர், மாலையில் வீடு திரும்பும்போது எந்தச் சிரிப்பு தம்முடையது என்று அறியாது திகைக்கிறார்.

அந்தச் சிரிப்பின் விலை எவ்வளவு? 2024 நிதியாண்டில் டிஸ்னியின் பூங்கா, கப்பல் உள்ளிட்ட பிரிவின் செயல்பாட்டு இலாபம் 900 கோடி டாலருக்கு மேல். மறுபக்கத்தைக் காண்போம். 2018-இல் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு கோரியதன்பேரில் ஆய்வாளர்கள் டிஸ்னிலேண்டு ஊழியரிடையே நடத்திய கணக்கெடுப்பில், 73 விழுக்காட்டினர் அன்றாட அடிப்படைச் செலவுகளுக்கு ஊதியம் போதவில்லை என்றனர். பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் முந்தைய ஈராண்டுகளில் குடியிருக்க இடமின்றித் தவித்ததாகக் கூறினர். 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காட்டி 28,000 பேரின் வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டது. 'குடும்பத்தினர்' என்றும் 'நடிப்புக் குழுவினர்' என்றும் அழைக்கப்பட்டோர், ஆள்குறைப்பு நாளில் வெறும் செலவுக் கணக்காயினர்.

சங்கம் தந்த விடை

தனியொரு தொழிலாளி வசைக்கு மறுமொழி கூறினால் வேலை போகும். கூடி நின்றால்? சிறிய சான்றிலிருந்து தொடங்கலாம். புளோரிடாவில் வேடமணிவோருக்கு நிறுவனமே உள்ளாடைகளை வழங்கி, பொதுவில் துவைத்து, மறுநாள் வேறொருவருக்குத் தரும் வழக்கம் இருந்தது. அதனால் தோல்நோய் பரவுகிறது என முறையிட்ட டீம்ஸ்டர்ஸ் சங்கத்தினர், தத்தம் உள்ளாடையைத் தாமே வைத்துத் துவைத்துக்கொள்ளும் உரிமையை 2001-இல் வென்றனர். நகைப்பாகத் தோன்றலாம். ஓர் உலகப் பெருநிறுவனத்திடம் தன் உள்ளாடை தனக்கே என்று நிறுவவும் கூட்டுப் பேரம் தேவைப்பட்டது என்பதே அதிலுள்ள அரசியல்.

2024 மே மாதம் கலிபோர்னியாவில் வேடமணிவோரும் ஊர்வலக் கலைஞருமாகிய சுமார் 1,700 பேர் நடிகர் சங்கமான ஈக்விட்டியில் சேர வாக்களித்தனர். ஆதரவு 953, எதிர்ப்பு 258. ஊதியத்தோடு, வேடத்தின் தூய்மை, வருவோரிடமிருந்து பாதுகாப்பு ஆகியனவும் அவர்தம் கோரிக்கைகளாக இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் பிற பிரிவுகளைச் சேர்ந்த 14,000 பேர் சார்ந்த சங்கங்களில் வாக்களித்தோருள் 99 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்திற்கு ஒப்புதல் தந்தனர். மிக்கியின் வெள்ளைக் கையுறை அணிந்த கை முட்டியாக உயர்ந்திருக்கும் சின்னத்தை அவர்கள் சட்டையில் குத்திக்கொண்டனர். அதற்காக மிரட்டப்பட்டதாகச் சங்கங்கள் தேசியத் தொழிலுறவு வாரியத்தில் புகாரும் அளித்தன. வேலைநிறுத்தம் தொடங்குமுன்பே உடன்பாடு ஏற்பட்டு, குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24 டாலராக உயர்ந்தது. மின்னணுக் காட்சிகளுக்கு மயங்கியவர்கள் காணாத மந்திரம் இதுவே: கையசைக்கப் பழக்கப்பட்ட கை முட்டியாக மடங்கியது.

சட்டங்களும் மாறுகின்றன. தென்கொரியாவில் 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் வசையிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. டோக்கியோ மாநகரில் வாடிக்கையாளர் துன்புறுத்தலைத் தடுக்கும் விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பன்னாட்டுத் தொழிலமைப்பு 2019-இல் ஏற்ற 190-ஆம் உடன்படிக்கை, பணியுலகில் வன்முறையும் துன்புறுத்தலும் அற்ற வாழ்வை உரிமையாக ஏற்கிறது. அதனோடிணைந்த 206-ஆம் பரிந்துரை வாடிக்கையாளரையும் பொதுமக்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. இந்திய அரசு அவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை.

நமது கடமை

நம் நாட்டிலும் விற்பனைக் கூடங்களில், விடுதிகளில், உணவு கொண்டுதரும் பணியில் இலட்சக்கணக்கானோர் இதே நிலையில் உள்ளனர். செயலிவழிப் பணியாளருக்கு வாடிக்கையாளர் இடும் நட்சத்திரமே மேற்பார்வையாளரின் சவுக்காக மாறியுள்ளது. ஆயினும் வெறுங்கையோடு நாம் நிற்கவில்லை. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடியதால் 2018-இல் அங்கும், அதன் வழியில் 2021-இல் தமிழ்நாட்டிலும், கடை ஊழியர் வேலைக்கிடையே அமரும் உரிமை சட்டமாயிற்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புகொள்ளும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. குற்றம் செய்தவர் ஊழியர் அல்லர் என்று சொல்லி நிர்வாகம் கைகழுவ முடியாது. தொழிற்சங்கப் பணியிலுள்ள தோழர்கள் இப்பிரிவை ஊழியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். 190-ஆம் உடன்படிக்கையை ஏற்குமாறு அரசை வற்புறுத்த வேண்டும். வசைபாடுவோருக்குப் பணிசெய்ய மறுக்கும் உரிமை, அதனால் ஊதிய இழப்போ தண்டனையோ நேராத உறுதி ஆகியவை நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இறுதியாக ஒன்று. இஃது அரசாங்கத்திடம் கேட்பதன்று, தோழர்களிடம் கேட்பது. கட்சி மாநாட்டுக்குச் செல்லும் வழியில் உணவகத்தில் தேநீர் தாமதமானபோது பரிமாறும் சிறுவனிடம் நாம் எப்படிப் பேசினோம்? மழையில் நனைந்து உணவு கொணர்ந்தவரிடம் பத்து நிமிடத் தாமதத்திற்காகக் குரல் உயர்த்தியதுண்டா? மேடையில் உழைப்பாளர் ஒற்றுமை பேசிவிட்டு, மேசையில் அமர்ந்ததும் எசமானராகிவிடும் பழக்கம் நம்மிடமும் இல்லை என்று எவரும் துணிந்து கூறிவிட முடியாது. விலைச்சீட்டு நம் கையில் இருக்கும் அந்த ஐந்து நிமிடமே நம் வர்க்க உணர்வுக்கு நேரும் அன்றாடத் தேர்வு.

எதிரே நிற்பவரின் புன்னகை உழைப்பு என்று உணர்வோம். அவர் சிரிக்க விரும்பாத நாளில் சிரியாதிருக்கும் உரிமைக்காக அவரோடு சேர்ந்து நிற்போம்.

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!