பண்டிகைப் பந்தியும் நீரிழிவும்

தீபாவளிக்கு முன்னிரவில் ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களில் அடுப்பு அணைவதில்லை. உளுந்து ஊறுகிறது, அதிரச மாவு பதம் பார்த்துக் காத்திருக்கிறது, முற்பணம் பெற்று வாங்கிய கோழி மறுநாட் பந்திக்குரியது. ஆண்டு முழுவதும் ரொட்டியும் சம்பலும் உண்டு கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த ஒருநாள் விருந்து எத்துணைப் பெரிது என்பதை வெளியூரார் எளிதில் அறியார். அவ்வீட்டில் நீரிழிவுடைய மூத்தவர் ஒருவர் இருப்பாராயின், "நீங்கள் ஒன்றையும் தொடாதீர்கள்" என்று அவரை ஒதுக்கி வைத்தல் மருத்துவமும் அன்று, பண்பும் அன்று. பட்டினியே இந்நோய்க்கு மருந்தாயிருந்த காலம் ஒன்று உண்டு. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டதோடு அக்காலம் முடியத் தொடங்கியது. ஆயினும் அந்தப் பழைய அச்சம் இன்னும் நம் சமையற்கட்டை விட்டு அகலவில்லை.

மலைநாட்டில் இதனைச் 'சீனி வருத்தம்' என்பர். இப்பெயரே ஒரு மயக்கத்துக்கு இடந்தருகிறது. இலங்கைத் தமிழில் சீனி வேறு, சர்க்கரை வேறு அல்லவா? "சீனிதானே ஆகாது" என்று சொல்லி, தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை இருமுறை இட்டுக்கொள்பவர் பலர். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் உள்ள இனிப்பு பெரும்பாலும் சீனியில் உள்ள அதே பொருள்தான். நிறம் கறுத்திருப்பதைக் குருதி கண்டுகொள்வதில்லை. இனிப்பே இல்லாத சோறும், கோதுமை மா ரொட்டியும், உறைப்பான முறுக்குங்கூட வயிற்றினுள் குளுக்கோசாகவே மாறுகின்றன. குரக்கனில் நார்ப்பொருள் மிகுதி. அதற்காக அதனை அளவின்றி உண்ணலாம் என்பதில்லை.

தேயிலைக்கு இதில் குற்றமில்லை. குற்றம் கரண்டியில் இருக்கிறது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். பண்டிகையன்று ஆறு வீடு ஏறி இறங்கி, வீட்டுக்கொரு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று பருகினால், பலகாரத்தைத் தொடாமலே 60 கிராம் உள்ளே போய்விடும். புட்டிப் பானங்களின் சீனியளவைக் காட்டும் நிற அடையாளம் 2016 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பைக் கண்டால் புட்டியை வைத்துவிடலாம்.

இலையில் பாதியை மரக்கறிக்கு விடுக. கோவா, போஞ்சி, லீக்ஸ், கீரை ஆகியவை இம்மலைகளிலேயே விளைபவை. கால் பங்கு பருப்புக்கோ கோழிக்கோ உரியது, எஞ்சியதே சோற்றுக்கு. அதிரசம் வேண்டுமாயின் ஒன்றை உண்டு, அதற்கீடாகச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். அன்று மலையேறும் வேலை இல்லை என்பதையும் மறத்தலாகாது. பந்தி முடிந்ததும் கோயில்வரை நடந்து வருதல் நன்று.

விருந்தைவிட அஞ்சத்தக்கது அதனை அடுத்து வரும் விரதம். தீபாவளி கழிந்ததும் கந்தசஷ்டி வந்துவிடுகிறது. மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு உணவை விலக்கினால், சிலவகை மாத்திரைகளும் இன்சுலினும் குருதியிலுள்ள குளுக்கோசை 70 மில்லிகிராமுக்குங் கீழே இறக்கிவிடக்கூடும். விடுமுறை கழிந்த காலையில் உண்ணாமலே பிரட்டுக்களத்துக்கு ஓடுபவருக்கும் இதே இடர் உண்டு. ஆதலால் விரதத்துக்கு முன்பே தோட்ட மருந்தகத்திலோ வைத்தியசாலையிலோ மாத்திரையின் அளவையும் வேளையையும் கேட்டறிதல் வேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறே.

வியர்வை, நடுக்கம், கடும்பசி, தடுமாறும் பேச்சு ஆகியவை குளுக்கோசு குறைந்ததன் குறிகள். பண்டிகை இரவில் இவற்றைக் கண்டோர், "குடித்திருக்கிறார், உறங்கட்டும்" என்று விட்டுவிடுவதுண்டு. அவ்வுறக்கம் உயிருக்கே முடிவாகக்கூடும். நினைவு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால்மணி நேரத்தில் தெளிவு வராவிடின் மீண்டும் ஒருமுறை கொடுத்து, தெளிந்தபின் உணவு உண்ணச் செய்ய வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை ஒருக்களித்துக் கிடத்தி, கிடைக்கும் வண்டியில் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.