மிசிசிப்பியின் வளைவில் ஓர் ஊர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு பெரிய வளைவு போட்டுத் திரும்பும் இடத்தில் நியூ மாட்ரிட் என்றொரு சிற்றூர். வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரையைத் தாண்டி, ஆற்றோர மேடையில் நின்றால் செம்பழுப்புத் தண்ணீர் மைல் கணக்கில் விரிகிறது. அக்கரை கென்டக்கி. வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து போகும் வேகத்திலேயே இந்த ஆற்றின் இழுப்பு புரிந்துவிடும்.

இந்த இழுப்புதான் அந்தக் காலத்துப் படகோட்டிகளின் பெரும்பாடு. நீரோடு நியூ ஆர்லியன்ஸ் வரை இறங்கிவிடலாம், திரும்புவது எப்படி? பலர் படகையே உடைத்து மரமாக விற்றுவிட்டு, காட்டுவழியே நடந்து ஊர் திரும்பினார்கள். துடுப்பும் கழியும் கயிறுமாக எதிரேறினால் மாதக்கணக்கில் ஆகும்.

1811 டிசம்பரில் மிசிசிப்பிக்கு முதல் நீராவிக் கப்பல் வந்தது. பெயர் ‘நியூ ஆர்லியன்ஸ்’. பிட்ஸ்பர்க்கில் கட்டி ஓஹையோ ஆற்றின் வழியே கொண்டுவந்தவர் நிக்கோலஸ் ரூஸ்வெல்ட். கர்ப்பிணியாக இருந்த மனைவி லிடியாவும் ஊரார் தடுத்தும் கேளாமல் உடன் கிளம்பினார். லூயிவில்லில், பாறைகளைத் தாண்டும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் ஏறட்டும் என்று காத்துக் கிடந்தபோது அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் கைக்குழந்தையோடுதான் மீதிப் பயணம்.

டிசம்பர் 16 அதிகாலை, இந்த நியூ மாட்ரிட் வட்டாரமே குலுங்கியது. கப்பல் இங்கு வந்தபோது சிலர் கரையில் நின்று தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார்கள். சிலருக்கோ நிலநடுக்கத்தைவிடப் புகை கக்கும் கப்பலே பெரும் பயம், ஓடி ஒளிந்தார்கள். ஒரு நாள் இரவு ஒரு தீவோரம் மரத்தில் வடத்தைக் கட்டி நிறுத்தினார்களாம். விடிந்து பார்த்தால் தீவைக் காணோம்; வடம் நேரே தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் நகர முடிந்தது. லிடியாவின் தம்பி பிற்காலத்தில் எழுதி வைத்த செய்தி இது.

1812 ஜனவரியில் கப்பல் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது பிறந்த பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பவே இல்லை. கீழாற்றில் நாட்செஸ் வரை ஓடி, 1814-இல் பேட்டன் ரூஜ் அருகே அடிமரத்தில் மோதி மூழ்கியது. எதிரோட்டத்தை உண்மையில் வென்றது ‘என்டர்பிரைஸ்’ என்ற கப்பல்தான் என்பேன். 1815-இல் ஹென்றி ஷ்ரீவ் அதை நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில்லுக்கு 25 நாளில் ஏற்றிக்கொண்டு போனார்.

நியூ மாட்ரிட்டில் நிலநடுக்கத்தின் கதை சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு வாருங்கள்.