உறையில் அச்சான பெயர்கள்

(பாடகர்களும் பறைக் கலைஞர்களும் கூடிய பயிலரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பாட்டு கட்டுவது பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பாட்டு கட்டுறவன் கிடையாது. கவிதை எழுதுறவன். ராத்திரி முழுக்க மேடையில் நின்னு பாடுறவங்களுக்கும் அடிக்கிறவங்களுக்கும் முன்னால், 'பாட்டு இப்படித்தான் கட்டணும்' என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் ஒரு இசைத்தட்டு உருவான கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 1970லும் 1971லும் நடந்தது. பாடியவர் மார்வின் கே. இசைத்தட்டின் பெயர் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. என்ன நடந்துக்கிட்டிருக்கு என்று அர்த்தம்.

அந்த ஊர்க் கதை நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873இல் தன்னுடைய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தங்கள் அமைப்புக்கு தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். கறுப்பர்களிடமிருந்து அரசியலை எடுத்துக்கொண்டோம். அவங்க பாட்டை எப்படிச் செய்தாங்க என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

மார்வின் பாடியதை 'சோல்' இசை என்கிறார்கள். ஆன்மா என்று பொருள். ஆன்மா என்ற ஒன்றே கிடையாது என்று பாபாசாகேப் வழியில் பேசுகிற நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். பயப்பட வேண்டாம். கறுப்பர்களின் தேவாலயத்தில் ஒருத்தர் குரல் எடுத்துக் கொடுப்பார், சபை திருப்பிக் கொடுக்கும், கைதட்டும், அழும். அந்தப் பாடும் முறையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்து, கர்த்தர் இருந்த இடத்தில் காதலியையும் தெருவையும் வைத்துப் பாடினார்கள். அதுதான் சோல். 1950களில் ரே சார்லஸ் இப்படிப் பாடியபோது சபைக்காரர்களே திட்டினார்கள். மார்வினும் போதகர் வீட்டுப் பிள்ளை. 1939இல் வாஷிங்டனில் பிறந்து, அப்பாவின் சபையில் பாடி வளர்ந்தவர்.

அவர் வேலை பார்த்த இடம் மோட்டவுன் கம்பெனி. 1959இல் பெர்ரி கார்டி என்கிற கறுப்பர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கார்டி கார் தொழிற்சாலையில் தொழிலாளி. வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே வருவது நகரும் வரிசையில் ஆள் ஆளாகக் கை மாறி, முழுக் காராக வெளியே போவதைப் பார்த்தவர். பாட்டையும் அதே மாதிரி செய்யலாம் என்று நினைத்தார். எழுத ஒருத்தர், மெட்டுக்கு ஒருத்தர், வாசிக்க ஒரு குழு, பாட ஒரு நட்சத்திரம். கடைசியில் எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று முடிவு பண்ண ஒரு தரச் சோதனைக் கூட்டம். கறுப்பர் கையிலிருந்த அந்தக் கம்பெனியின் பாட்டு வெள்ளைக்காரர் வீட்டு ரேடியோவுக்குள்ளும் நுழைந்தது. அது பெரிய சாதனை. நான் அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனால் வெள்ளைக்காரர் முகம் சுளிக்காத பாட்டாகவும் அது இருக்க வேண்டியிருந்தது.

வெளியே ஊர் அப்படி இல்லை. 1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. ஐந்து நாளில் 43 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள். அந்த வருஷமே மார்வினோடு ஜோடியாகப் பாடிய டாமி டெரல் மேடையிலேயே அவர் கையில் சாய்ந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில் அந்தப் பெண் சாகும்போது வயது 24. மார்வின் மேடை ஏறுவதை விட்டுவிட்டார். தம்பி பிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து, அங்கே பார்த்ததையெல்லாம் சொன்னான். அண்ணன் உட்கார்ந்து கேட்டார். காதல் பாட்டாகப் பாடிப் புகழ் வாங்கிய மனுஷனுக்கு, இனி எதைப் பாடுவது என்று தெரியவில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருது. அந்தப் பாட்டு அவர் மண்டையில் உதிக்கவில்லை. வேற ஒருத்தர் கொண்டுவந்தார். ஃபோர் டாப்ஸ் குழுவில் பாடிய ரெனால்டோ பென்சன், 1969 மே மாதம் கலிபோர்னியாவில் பெர்க்லி பூங்காவில் கூடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைப் பார்த்தார். இங்க என்னதான் நடக்குது என்று அவருக்குள் எழுந்த கேள்விதான் விதை. அல் கிளீவ்லண்டோடு சேர்ந்து பாட்டாக்கினார். சொந்தக் குழுவே, 'இது போராட்டப் பாட்டு, நமக்கு வேண்டாம்' என்று தள்ளியது. பாட்டு மார்வினிடம் வந்தது. அவர்கூட முதலில் வேறொரு குழுவுக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தார். நீயே பாடு என்று பென்சன் பிடிவாதம் பிடித்தார். மார்வின் மெட்டை வளைத்தார், வரிகளை மாற்றினார், தம்பி சொன்ன கதையையும் தன் வீட்டுத் துக்கத்தையும் உள்ளே இறக்கினார்.

1970 ஜூனில் பதிவு. எலை ஃபான்டெய்ன் என்கிற சாக்ஸபோன் கலைஞர், ஒலிவாங்கி ஓடுவது தெரியாமல் சும்மா ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும், எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு, வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின். நான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலையே என்றார் அவர். அந்த விளையாட்டு ஊதல்தான் பாட்டின் தொடக்கம். மெல் ஃபார், லெம் பார்னி என்ற இரண்டு கால்பந்து வீரர்கள் மார்வினின் சிநேகிதர்கள். அவர்களையும் கூட்டிவந்து பேசவிட்டார். நண்பர்கள் வீட்டு வாசலில் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்கிற சத்தம் பாட்டுக்குள் வந்துவிட்டது. பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சனை மதுக்கடையிலிருந்து தேடிப் பிடித்து வந்தார்கள் என்றும், உட்கார முடியாத அவர் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்றும் சொல்வார்கள். மார்வின் இரண்டு தடவை பாடிப் பதிந்திருந்தார், எது நல்லா இருக்கு என்று பார்க்க. ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார். ஒரே ஆளின் இரண்டு குரல், ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்வது மாதிரி கேட்டது. தப்பைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். சிறுவயதில் கேட்ட சபை திரும்ப வந்தது என்று நான் நினைக்கிறேன்.

கோபம் இருந்தால் போதும், பாட்டு தானா வரும் என்று நம்மில் சிலர் பேசுகிறோம். நானும் பேசியிருக்கேன். கோபம் வேணும். ஆனால் மார்வின் செய்த வேலையில் பெரும்பகுதி கேட்பது. தம்பி சொன்னதை, நண்பன் கொண்டுவந்ததை, ஒருத்தர் விளையாட்டாக ஊதினதை, இன்னொருத்தர் தப்பாக ஓடவிட்டதைக் காது கொடுத்துக் கேட்டார். பாடும்போது குரலை உயர்த்தவில்லை. தெருவில் நிற்கிற தம்பியிடம் பேசுகிற குரலில் பாடினார்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. இது விற்காது, அரசியல் வேண்டாம் என்றார் கார்டி. மார்வின் அப்போது அவர் தங்கச்சி புருஷன் இல்லை, அக்கா அன்னாவின் புருஷன், மச்சான் உறவு. உறவு உதவலை. மார்வின் ஒன்று செய்தார். இதை வெளியிடாமல் வேற எந்தப் பாட்டும் பதிய மாட்டேன் என்று சும்மா இருந்துவிட்டார். அதுக்குப் பெயர் வேலைநிறுத்தம், தோழர்களே. 1971 ஜனவரியில், கம்பெனி ஆட்களே கார்டிக்குத் தெரியாமல் பாட்டைக் கடைக்கு அனுப்பினார்கள். போட்ட பிரதிகள் பறந்தன. உடனே கார்டி, ஒரு மாசத்துக்குள் முழு இசைத்தட்டு வேணும் என்றார்!

மார்ச் மாதம் ஏறக்குறைய பத்து நாளில் மிச்சத்தை முடித்தார்கள். டேவிட் வான் டெபிட் இசைக்கோவை எழுதினார். ஒன்பது பாட்டு. ஒன்று முடியும் இடத்திலேயே அடுத்தது பிறக்கும். போரிலிருந்து வந்தவன் தன் ஊரைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி வரிசை: வேலையில்லாதவர்கள், போதை ஊசி, குழந்தைகள், நஞ்சான காற்றும் மீனும், கடைசியில் சேரிக்குச் சமமான நகரத்து உள்பகுதியும் அதன் வரிச்சுமையும். 1971 மே 21 அன்று வெளிவந்தது.

அதன் உறையில்தான் என் பேச்சின் தலைப்பு இருக்கு. மோட்டவுன் வரலாற்றிலேயே முதல்முறையாக, வாசித்தவர்கள் பெயரெல்லாம் அச்சானது. பன்னிரண்டு வருஷமாக, உலகமே ஆடிய பாட்டுகளுக்கு வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவினர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. கூலி உண்டு, பெயர் இல்லை. அன்டான்டீஸ் என்ற மூன்று பெண்கள் எத்தனையோ பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுத்தும் வெளியே தெரியாமலே இருந்தார்கள்.

நான் வங்கியில் எழுத்தர். எனக்கு ஒரு சின்ன உண்மை தெரியும்: செலான்ல பேர் இல்லைன்னா பணம் யாருக்கும் போய்ச் சேராது. கலையிலும் அதுதான். 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. வாசித்தவர்கள் பலர் டெட்ராய்டிலேயே விடப்பட்டார்கள். 1983இல் மோட்டவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. ஜாமர்சனுக்கு அழைப்பில்லை. டிக்கெட் வாங்கி, மாடியில் உட்கார்ந்து, தான் வாசித்த பாட்டுகளுக்கு ஊர் கைதட்டுவதைப் பார்த்தார் என்கிறார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் செத்துப் போனார். வயது 47. மறுவருஷம் ஏப்ரல் 1 அன்று மார்வினை அவர் அப்பாவே சுட்டுக் கொன்றார். ஒரு நல்ல இசைத்தட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடாது. அந்தப் பொய்யை நான் சொல்ல வரலை. ஆனால் அந்த உறையில் ஜாமர்சன் பெயர் இருக்கு. அதை யாராலும் இனி அழிக்க முடியாது.

இனி நம்ம கதை. நம்ம கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது எது? தீ மூட்டி, பறையைக் காய்ச்சி, ஒருத்தர் முதல் அடி அடிக்கிறார் பாருங்க, அதுதான். பிறகு மைக் நமக்கு. நோட்டீஸில் பேச்சாளர் பெயர், கவிஞர் பெயர், வாழ்த்துரை, நன்றியுரை. அடிச்சவர் பெயர்? 'பறை முழக்கம்' என்று ஒரு வரி. பாட்டுப் பதிவு வெளியிட்டாலும் பாடினவர் படம் இருக்கும்; அடிச்சவரும் கூடக் குரல் கொடுத்த அக்காவும் 'குழுவினர்'. இதை ஊர்க்காரன் செய்யவில்லை. நாம் செய்கிறோம். என் கவிதைத் தொகுப்பிலும் என் பெயர் மட்டும்தான் இருக்கு. அதில் பாதி எங்கம்மா திண்ணையில் பேசினது.

இந்தப் பயிலரங்கு நாளைக்கு முடியும்போது ஒரு பாட்டு பதிவாகப் போகுது என்றார்கள். நல்லது. கோஷத்தை யார் வேணும்னாலும் எழுதிக்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, யார் யார் வாசிக்கிறாங்க என்று எழுதுங்க. சாதிப் பெயரால் மட்டுமே கூப்பிடப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். பெயரைச் சரியா எழுதுங்க, தகப்பன் பெயர் ஊர்ப் பெயரோடு.