அழகுக்கும் மயக்கத்துக்கும் ஒரே வேர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



சென்ற வருடம் எனக்கு ஒரு சிறிய சத்திரசிகிச்சை நடந்தது. என் நோயைப் பற்றிப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க நான் வரவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே தள்ளுவண்டியிற் கிடந்தபோது, எதிர்க் கதவில் 'அனெஸ்தெற்றிக்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பயத்தில் இருப்பவன் கண்ணிற் பட்டதையெல்லாம் வாசிப்பான். நானும் திரும்பத் திரும்ப வாசித்தேன். முன்னால் நிற்கும் 'அன்' என்பதை நீக்கிப் பார்த்தேன். மிஞ்சியது 'எஸ்தெற்றிக்'. என் பேத்தி பாடசாலையிற் படிக்கும் அழகியல் பாடத்தின் பெயர் அது.

சித்திரமும் சங்கீதமும் நடனமும் ஒரு பக்கம். மயக்க மருந்தும் நித்திரையும் மறு பக்கம். இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

'ஐஸ்தேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் தாய். புலன்களால் உணர்தல் என்பது அதன் பொருள். அதில் அழகு என்ற கருத்தே இல்லை. காலில் முள் குத்தியதை அறிவதும் ஐஸ்தேசிஸ்தான், வீணையின் ஒலியைக் கேட்பதும் ஐஸ்தேசிஸ்தான். 1735ஆம் ஆண்டில், அலெக்சாந்தர் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானியத் தத்துவஞானி தமது 21ஆவது வயதில் இந்தச் சொல்லை ஓர் அறிவுத்துறைக்குப் பெயராக்கினார். புத்தியால் அறிவதற்குத் தருக்கம் என்றொரு சாத்திரம் இருப்பதுபோல, புலன்களால் அறிவதற்கும் ஒரு சாத்திரம் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1750இல் அதே பெயரில் லத்தீன் மொழியில் ஒரு நூலும் வெளியிட்டார். காலப்போக்கில் அந்தச் சொல் சுருங்கி, கலைக்கும் அழகுக்கும் மட்டும் உரியதாயிற்று.

மற்றச் சொல்லின் கதை அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குப் போகிறது. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி, வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை ஒரு நோயாளி சுவாசிக்கும்படி செய்தார். நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை இன்னொரு வைத்தியர் அறுத்தெடுத்தார். அடுத்த மாதம் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் மோர்ட்டனுக்குக் கடிதம் எழுதி, இந்த நிலைக்கு 'அனெஸ்தீசியா' என்று பெயரிடலாம் என்றார். உடல் மரத்துப்போவதைக் குறிக்க முன்பே வழங்கிய பழைய சொல்தான் அது. அவர் அதற்குப் புதிய வேலை கொடுத்தார். ஹோம்ஸ் வைத்தியர் மட்டுமல்லர், கவிஞருங்கூட.

கவிஞர் ஏன் நித்திரையைக் குறிக்கும் சொல் எதையும் எடுக்கவில்லை? ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரால் மோர்பின் ஏற்கெனவே வந்துவிட்டது. கிரேக்கரின் நித்திரைத் தெய்வமான ஹிப்னோசிடமிருந்து ஹிப்னொட்டிசம் வந்தது. நடுச்சாமத்துக்கு முன் கொள்ளும் நித்திரைக்கு 'பியூட்டி ஸ்லீப்' என்று செல்லப் பெயரும் உண்டு. அது முகப்பூச்சு விற்பவர்களுக்கு உதவட்டும். எனக்குத் தோன்றும் காரணம் எளிது: நித்திரையில் இருப்பவனை ஊசியால் குத்தினால் எழும்பிவிடுவான்.

உணர்வு போகாமல் கத்தியின் கீழ்க் கிடப்பது எப்படியிருக்கும் என்பதை ஒரு நாவலாசிரியை எழுதிவைத்திருக்கிறார். 'எவலினா' நாவலை எழுதிய ஃபனி பேர்ணிக்கு 1811இல் பாரிசில் மார்பகத்தை அகற்றினார்கள். ஈதருக்கு 35 ஆண்டுகள் முன்பு. கொடுத்தது கொஞ்சம் வைன் மட்டும். முகத்தை மூடிய மெல்லிய கைக்குட்டையினூடாகக் கத்தியின் பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. மறு வருடம் அதையெல்லாம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. இருந்தும் அந்தப் பளபளப்பை விடாமல் எழுதினாரே, அந்த உணர்வுக் கூர்மையைத்தான் கிரேக்கன் ஐஸ்தேசிஸ் என்றான்.

நாம் 'எஸ்தெற்றிக்'கை அழகியல் என்று தமிழாக்கினோம். நல்ல சொல்தான். ஆனால் புலன் அதிலிருந்து கழன்றுவிட்டது. அழகு என்றதும் அது மேலதிகமான அலங்காரம் என்றாகிவிடுகிறது. பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பேத்தி முறையிடுகிறாள். பிள்ளைக்குப் பார்க்கவும் கேட்கவும் பழக்கும் பாடம் அது என்று பெயரே சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாகப் பறிப்பார்களா?

என் கதையை நடுவிலே விட்டுவிட்டேன். மயக்க மருந்து கொடுக்க வந்த வைத்தியர், ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள் ஐயா என்றார். நாலு வரை எண்ணியது ஞாபகம். பிறகு கண் திறக்கமுன் முதலில் வந்தது ஒரு வாசனை. பக்கத்துக் கட்டிலில் யாரோ தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.