கொடியை எரித்தால் ஜெயிலா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரு சங்கடமான கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தேசக் கொடியை ஒருவன் எரித்தால் அவனை ஜெயிலில் போடலாமா? "இதிலே கேள்வி என்ன இருக்கிறது, போட வேண்டியதுதானே!" என்று உங்களில் பலர் மனதுக்குள் சொல்வது எனக்குத் தெரிகிறது. அந்தக் கோபத்தை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். அது நல்ல இடத்திலே பிறந்த கோபம்.

ஆலைத் தோழர்களுக்குக் குமாரனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னிமலையிலே பிறந்தவர். திருப்பூரில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1932 ஜனவரி 10-ம் தேதி கொடி பிடித்து ஊர்வலம் போனார். வெள்ளைக்கார சர்க்காரின் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. நம்மைப் போன்ற ஓர் உழைப்பாளியின் ரத்தம் பட்ட கொடி அது. அதை எரிப்பது நம் வழியல்ல. எரிக்கிறவனைப் பார்த்து, "தம்பி, உன் கோபம் சரி, உன் காரியம் தப்பு" என்று சொல்லத் தயங்கவும் மாட்டோம்.

ஆனால் ஒரு காரியம் நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு; அதைச் செய்தவன் கையிலே விலங்கு மாட்ட வேண்டும் என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

எரிவது துணியா, கருத்தா?

நமது நாட்டில் 1971-ம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் வந்தது. பொது இடத்தில் கொடியை எரித்தால், கிழித்தால், மிதித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. செயலால் மட்டுமல்ல, பேச்சாலோ எழுத்தாலோ கொடியை இழிவுபடுத்தினாலும் குற்றம்தான். சட்டத்திற்குட்பட்ட வழியில் மாற்றம் கோரிச் செய்யும் விமர்சனம் குற்றமல்ல என்றும் அதிலே எழுதியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். கொடி கிழிந்துபோனால், அழுக்கேறிப்போனால் என்ன செய்ய வேண்டும்? சர்க்காரின் கொடி விதிகளே சொல்கின்றன: தனியிடத்தில், மரியாதையாக, முழுவதும் அழித்துவிட வேண்டும், எரிப்பது உத்தமம். அமெரிக்க நாட்டிலும் இதே மாதிரி விதிதான்.

அதே துணி. அதே நெருப்பு. அதே சாம்பல். ஒருவன் செய்தால் மரியாதை. இன்னொருவன் செய்தால் மூன்று ஆண்டு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? எரித்தவன் நெஞ்சில் இருக்கிற கருத்திலே இருக்கிறது. ஆக, சட்டம் தண்டிப்பது நெருப்பை அல்ல, கருத்தை. சர்க்காருக்குப் பிடிக்காத கருத்தை! இந்த அதிகாரத்தை ஒரு தடவை தூக்கிக் கொடுத்துவிட்டால், அது யார் கழுத்துக்கு முதலில் வரும்? ஆலை முதலாளி கழுத்துக்கா? மிராசுதார் கழுத்துக்கா? சரித்திரத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நடந்தது

முதல் உலக யுத்த காலம், 1918-ம் ஆண்டு. அமெரிக்காவில் மாண்டானா என்ற மாநிலம். ஸ்டார் என்கிற ஒருவரைக் கும்பல் சூழ்ந்துகொண்டு, "கொடிக்கு முத்தம் கொடு" என்று வற்புறுத்தியது. அவர் மறுத்தார். இது வெறும் பஞ்சுத் துணி, கொஞ்சம் சாயம் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். எரிக்கவில்லை, கிழிக்கவில்லை, வாயால் சொன்னார், அவ்வளவுதான். தண்டனை என்ன தெரியுமா? பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல், 500 டாலர் அபராதம்! மேலே போனபோது ஒரு நீதிபதி இந்தத் தண்டனையைக் கண்டு அருவருத்தார். ஆனாலும் விடுவிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். வற்புறுத்திய கும்பல் தேசபக்தர்கள், மறுத்தவர் குற்றவாளி!

அடுத்து 1966-ம் ஆண்டு, ஜூன் 6. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி. சிட்னி ஸ்டிரீட் என்ற கறுப்பர். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த நாட்டுக்காகப் போராடியவர். ரேடியோவில் செய்தி கேட்கிறார். மிஸிஸிப்பியில் கறுப்பு மக்களின் உரிமைக்காக நடைப்பயணம் போன ஜேம்ஸ் மெரிடித் சுடப்பட்டார் என்று செய்தி. விழா நாட்களில் தான் ஏற்றுகிற கொடியை, மடித்து வைத்திருந்த அந்தக் கொடியை, எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் கொளுத்தினார். மெரிடித்துக்கு இது நடக்க விட்டார்கள் என்றால் இந்தக் கொடி நமக்கு எதற்கு என்று கேட்டார். தோழர்களே, கொடியை நேசிக்காதவன் அதை மடித்து வைத்து விழா நாளில் ஏற்றுவானா? காயம்பட்ட நெஞ்சு அது. கீழ்க்கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. 1969-ல் சுப்ரீம் கோர்ட், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம் நின்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

மூன்றாவது, 1984-ம் ஆண்டு டல்லாஸ் நகரம். ரீகனை மறுபடி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தக் குடியரசுக் கட்சி மாநாடு கூட்டியது. வெளியே சுமார் நூறு பேர் ஆர்ப்பாட்டம். ஜான்சன் என்ற இளைஞர் கொடியை எரித்தார். எவருக்கும் அடி இல்லை. ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம் என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் போயிற்று. 1989 ஜூன் 21-ம் தேதி, மறுபடியும் ஐந்துக்கு நாலு, விடுதலை! நாடாளுமன்றம் ஆத்திரப்பட்டு அந்த ஆண்டே புதுச் சட்டம் போட்டது. 1990-ல் அதுவும் ரத்தானது. அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். 2006-ல் செனட் சபையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப் கொடி எரிப்பவர்கள் மீது வழக்குத் தொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். ஆக, சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்த டல்லாஸ் சம்பவத்தில் இன்னொரு மனிதரும் இருந்தார். கொடி எரிந்ததைப் பார்த்து மனம் வெந்தவர். அவர் தடி எடுக்கவில்லை. எரிந்ததன் மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துப் போய்த் தன் வீட்டுக் கொல்லையிலே மரியாதையாக அடக்கம் செய்தார். எரித்தவன் தன் கருத்தைச் சொன்னான். இவர் தன் பதிலைச் சொன்னார். இதைவிடச் சிறந்த பதிலை எந்த ஜெயில் சொல்லிவிடும்?

நமது தமிழகத்தில் நடந்தது

தூர தேசத்துக் கதை எதற்கு என்பீர்கள். நம் ஊர்க் கதைக்கே வருகிறேன். இந்தித் திணிப்பை எதிர்த்து, 1955 ஆகஸ்ட் 1-ம் தேதி தேசக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். அப்போது முதல்வர் காமராஜர். இந்தி திணிக்கப்படாது என்று வாக்குறுதி தந்தார். பெரியார் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். ஒரு கொடி கூட எரியவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்தது. நெருப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டே ஆண்டு கழித்து, 1957-ல், சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் அரசியல் சட்டத்தில் இருக்கின்றன, அவற்றை எரிப்போம் என்றார் பெரியார். இந்தத் தடவை சர்க்கார் பதில் சொல்லவில்லை, சட்டம் போட்டது. மூன்றாண்டு சிறை என்றது. என்ன நடந்தது? நவம்பர் 26-ம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் எரித்துவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். எரிப்பு நின்றதா? இல்லை. சாதி ஒழிந்ததா? அதுவும் இல்லை.

பதில் சொன்ன ஆண்டில் தீ அணைந்தது. பூட்டுப் போட்ட ஆண்டில் தீ பரவியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சில கேள்விகள்

"அப்படியானால் எவனும் எதையும் கொளுத்தலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. பிறர் வீட்டுக் கொடியைப் பறித்தால் திருட்டு. பஸ்ஸைக் கொளுத்தினால், குடிசைக்குத் தீ வைத்தால், ஆளை அடித்தால் அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. தன் காசில் வாங்கிய துணியைத் திறந்த வெளியில் எரிப்பவனைப் பற்றி மட்டும்தான் நான் பேசுகிறேன்.

"நம் மனம் புண்படுகிறதே!" என்பீர்கள். உண்மை, புண்படும். ஆனால் மனம் புண்பட்டால் ஜெயில் என்று விதி செய்தால், கூலி உயர்வு கேட்டு நாம் போடுகிற கோஷம் முதலாளிக்கு எவ்வளவு புண்படுகிறது? அவரும் அதே விதியைத்தான் கேட்பார். 1923-ல் நாகபுரியில் நமது தேசியக் கொடியைப் பிடித்து ஊர்வலம் போனதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டான். அவன் மனமும் புண்பட்டதாம்!

கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு இன்னொன்றும் தெரியும். செங்கொடியை இறக்கு என்று மிராசுதார்கள் மிரட்டினார்கள். உழவன் இறக்க மறுத்தான். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்களைத் தீயிட்டுப் பொசுக்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது மிராசுதார்கள் விடுதலையானார்கள். அந்தத் தீ எரிந்து மூன்று ஆண்டு முடிவதற்குள்ளேயே, துணியை எரித்தால் சிறை என்று 1971-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. எந்தத் தீயைக் கண்டு இந்த நாடு பதற வேண்டும், தோழர்களே?

கொடிக்கு உண்மையான காவல் போலீஸ் அல்ல. குமாரன் கையில் கொடியைப் பிடித்து நிறுத்தியது எந்தச் சட்டமும் அல்ல. சட்டம் அவர் மண்டையைத்தான் உடைத்தது. நெஞ்சிலே இருந்த பற்றுதான் கையை இறுக்கியது. அந்தப் பற்று எப்படி வரும்? உழுதவனுக்கு வயிறு நிறைந்தால் வரும். நூற்றவன் பிள்ளைக்குச் சட்டை இருந்தால் வரும். சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற வேலி விழுந்தால் வரும். அந்த நாட்டிலே கொடியை எரிக்க ஆள் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே நம் முடிவு இது: கொடியை எரிக்காதே என்று சொல்வோம், எரித்தவனோடு வாதாடுவோம். ஆனால் அவனை ஜெயிலில் போடு என்று ஒருநாளும் கேட்க மாட்டோம். இன்று அவனுக்குச் செய்த விலங்கு, நாளை நம் கைக்கும் சரியாகப் பொருந்தும்.