கித்தாரில் ஏறிய பேச்சுத்தமிழ்
(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கிய நிகழ்ச்சியில் பொப் பாடலுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சுளித்தவன்தான். ஆகையால் இவ்வுரையை ஒரு பிராயச்சித்தமாகவும் கொள்ளலாம்.

1960களின் முற்பகுதியில் ஈழத்து எழுத்தாளர்கள் மரபா, மண்வாசனையா என்று பொருதிக்கொண்டிருந்தார்கள். கதைமாந்தர் நம்மூர்ச் சனங்களைப் போலப் பேசினால் அது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் கொதித்தெழுந்தனர். கைலாசபதி, சிவத்தம்பி முதலானோர் மறுதரப்பில் நின்றனர். இளவட்டங்களாகிய நாங்கள் மண்வாசனைக் கட்சி.

அந்தப் புழுதி முற்றாக அடங்குமுன்னரே, அறுபதுகளின் பிற்பகுதியில், நித்தி கனகரத்தினம் கித்தாரோடு வந்து 'சின்ன மாமியே' பாடினார். மாமியின் மகளை விசாரித்து வரும் இளைஞன். அவனுக்கு வாய்கொடுக்கும் மாமி. முற்றத்தில் நின்று கதைக்கிற கதை. நாங்கள் கட்டுரை எழுதி வாதாடிய பேச்சுவழக்கு, எந்தப் பண்டிதரையும் கேளாமல் பாட்டாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நாங்களே அதனை 'வெறும் கூத்து' என்று ஒதுக்கினோம்! அவரது 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாடலைக் குடித்தவர்களே உற்சாகமாகப் பாடித் திரிந்ததும் எங்கள் இளக்காரத்துக்கு ஒரு சாட்டாயிற்று. அந்தப் பாட்டின் கிண்டலுக்குள் ஒரு குடும்பத்தின் கவலை இருப்பது பின்னரே எனக்கு உறைத்தது.

பாடல்களின் மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1658இல் போய்விட்டனர். அவர்களது ஆட்டத்தாளம் போகவில்லை. 'பைலா' என்ற சொல்லே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. மட்டக்களப்புப் பறங்கியரும் புத்தளத்து ஆபிரிக்க வம்சாவளியினரும் பேணிவந்த அந்தத் துள்ளலைச் சிங்கள மேடைக்கு வொலி பஸ்தியன் கொண்டுவந்தார். தமிழில் அது பொப் என்ற பெயரோடு நடமாடியது.

'பொப் சக்கரவர்த்தி' ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் தோளோடு தோள் உரசி ஆடும். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதனை எடுத்தாண்டார். எனக்கு மனோகரன் குரலில் கேட்பதே உவப்பு. ஆனால் 1983 ஜூலைக்குப் பிறகு நெடுங்காலம் அந்தப் பாட்டைக் கேட்க மனம் கூசியது. இரண்டு மொழியும் அப்படிக் கைகோத்து ஆடியதை நினைக்க நெஞ்சு அடைத்தது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

எல்லாப் பொப் பாடல்களும் முத்துக்கள் என்று சொல்ல வரவில்லை. முன்னவர் மெட்டையும் பகிடியையும் பிரதிபண்ணிய சோடைகள் பல உண்டு.

அண்மையில் ரொறன்ரோவில் ஒரு கலியாணவீடு. 'சின்ன மாமியே' ஒலித்ததும் மண்டபமே எழும்பி ஆடியது. அங்கேயே பிறந்த என் பேத்தி மூச்சிரைக்க வந்து, "அப்பப்பா, ஊரிலை நீங்கள் எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கிறனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, இப்பிடித்தான்" என்றேன்.

திரும்பவும் ஒருக்கால் போடச் சொல்ல ஓடிப்போனாள்.