'இன்னைக்கு வரல' என்று போன் வந்தால்



வீட்டில் விருந்தாளி. காலை ஏழு மணிக்கு வேலை செய்யும் அம்மாவிடமிருந்து போன்: "இன்னைக்கு வரலக்கா." நம் சிரமம் உண்மைதான். அவர் நிலையையும் பார்ப்போம். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் கம்பம், உத்தமபாளையத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. அங்கே ஒரு நாளில் கிடைக்கும் கூலிக்கு நம் வீட்டில் பல நாள் பாத்திரம் துலக்க வேண்டும். ஜீப்பில் இடம் கிடைப்பது பல நேரம் முதல்நாள் இரவில்தான் தெரியும்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? கல்யாணத்துக்குப் புறப்படும்போது, "நாலு நாள் வர வேண்டாம்" என்று கடைசி நேரத்தில் சொல்கிறோம். அந்த நாலு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொள்கிறோம்.

அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட, "இதை ஏன் செய்யவில்லை?" என்று நபியவர்கள் கடிந்துகொண்டதில்லை.

ஆகவே, மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முதலிலேயே பேசி முடிப்போம். பறிப்புக் காலத்தில் வேலை நேரத்தை மாற்றிக் கொடுப்போம். முந்தைய இரவே தகவல் சொல்லும்படி கேட்போம். நாம் வர வேண்டாம் என்ற நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுப்போம். 2007-இல் அரசு அமைத்த வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் பெயரைப் பதிய உதவுவோம்.

அடுத்த முறை அந்த போன் வந்தால், "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கட்டும்.